ஹலாலா என்பது ஒரு கேள்வி, பத்திரமா என்பது வேறு கேள்வி

(பணி ஓய்வு பெற்றோருக்கும் பெறவிருப்போருக்கும் நம் மதரஸா அரங்கில் நடைபெற்ற கூட்டத்தில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நாம் பெரும்பாலும் உழைப்பாளர் குடும்பத்தினர். 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் உருவானபோது வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இச்சபையில் பலர் உள்ளீர்கள். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு ஓய்வு பெறும்போது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. வாழ்நாளில் அத்தனை பெரிய தொகையை அவர் அதற்குமுன் கண்டதில்லை. அதுவரை காணாத நண்பர்கள் அந்த மாதத்தில்தான் வீடு தேடி வருகிறார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற நம் சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் ஒப்பந்தத் தாளைக் காட்டி, “ஹஜ்ரத், இது ஹலாலா?” என்று கேட்டார். வியாபாரத்தில் கூட்டு, இலாபத்தில் பங்கு என்று அதில் எழுதியிருந்தது. வாசகத்தில் தவறு தெரியவில்லை என்றேன். “ஹஜ்ரத்தே நல்ல திட்டம் என்று சொல்லிவிட்டார்” என அவர் எடுத்துக்கொண்டார். மைத்துனரிடமும் அவ்வாறே சொன்னார். ஏழெட்டு மாதங்கள் பணம் வந்தது. பிறகு அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மகளின் நிகாஹைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் மீண்டும் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போகிறார். என்னை ஒரு சொல்லாலும் அவர் கடிந்துகொண்டதில்லை. வேலை முடிந்து நேரே ஃபஜ்ருக்கு வந்து முதல் வரிசையில் நிற்கும் அவரைக் காணும்போதெல்லாம் என் மனம் கூனிக்குறுகுகிறது. அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது ஒரு பதில். ஆனால் அவர் காதில் விழுந்தவை இரண்டு பதில்கள்: இது ஹலால், இது பத்திரம். இரண்டாவதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை அன்றே நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

மதரஸாவில் ஹதீஸ் கலையைப் பயிலும்போது ஆரம்பத்திலேயே ஒரு பாடம் கற்கிறோம். அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைப் பிழையின்றிக் காத்துச் சொல்லும் திறன். பெரும் வணக்கசாலியாக இருந்தும் இரண்டாவது தகுதி குறைந்தவரின் அறிவிப்பை முஹத்திஸ்கள் ஏற்கவில்லை. அவரை அவர்கள் பொய்யர் என்று சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அவர் சொல் போதாது என்றார்கள். நம்மிடம் ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்பவர் தொழுகையாளியாக, உறவினராக, ஏன், இமாமாகவே இருக்கலாம். அது முதல் தகுதி மட்டுமே. இரண்டாவது எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

இப்படிக் கேட்காததால் நேர்ந்த இழப்பு நம் ஊரோடு முடியவில்லை. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைப் பெற்றது. 2019 ஜூன் மாதம் அதன் தலைவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஜூலையில் டெல்லியில் கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தவர்கள் 40,000 பேருக்கும் மேல். உலமாக்கள் சிலர் அதை ஆதரித்துப் பேசியிருந்ததும் வெளிவந்தது. அதைப் படித்த அன்று எனக்கு உணவு இறங்கவில்லை. ஏமாற்று ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. சென்னையில் 2022ஆம் ஆண்டு வெளிச்சத்திற்கு வந்த ஆருத்ரா வழக்கில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. ஒரு லட்சம் கட்டினால் மாதம் 25,000 முதல் 30,000 ரூபாய் வரை கிடைக்கும் என்பதே அங்கு காட்டப்பட்ட ஆசை.

அன்பர்களே, இவ்விடத்தில் ஃபிக்ஹு நமக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. முளாரபா என்னும் கூட்டில் இலாபம் விகிதப்படி பங்கிடப்படும். உழைப்பவரின் தவறின்றி நட்டம் வந்தால் முதல் போட்டவரே அதை ஏற்க வேண்டும். எனவே “ஹலால் வியாபாரம், ஆனால் மாதந்தவறாமல் இவ்வளவு உறுதி” என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியமே தன்னைத் தானே மறுக்கிறது. உறுதியான தொகை என்றால் அது வட்டி. வட்டியும் இல்லை என்றால் அது பொய். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இதோடு என் எல்லை முடிகிறது.

அதற்கு அப்பால் யாரிடம் கேட்பது? மக்களிடம் வைப்புத் தொகை பெறுவோர் ரிசர்வ் வங்கி போன்ற உரிய அமைப்பின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பங்கு, பரஸ்பர நிதி என்றால் செபி. காப்பீட்டுக்கும் ஓய்வூதியத் திட்டங்களுக்கும் தனித்தனி ஆணையங்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டு தொடங்கிய ‘சசேத்’ இணையதளத்தில் ஒரு நிறுவனம் பணம் திரட்ட அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம், புகாரும் அளிக்கலாம். செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் உள்ளது. கம்பெனிப் பதிவுச் சான்றையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அவை பணம் திரட்டுவதற்கான அனுமதி ஆகா.

அடுத்து, சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். கமிஷன் பெறுவது குற்றமன்று, மறைப்பதுதான் குற்றம். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் உங்களிடம் கட்டணம் பெறலாம். உங்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டுத் திட்டத்தை விற்றவரிடம் கமிஷன் பெறக் கூடாது. கையில் பல லட்சம் இருக்கும்போது சில ஆயிரம் கட்டணத்திற்குத் தயங்கி, இலவச ஆலோசனைக்கு முழுத் தொகையையும் இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இரு கேள்விகளும் வேறு என்பதற்கு இன்னோர் உதாரணம். ஷரீஅத் அளவுகோலின்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் பரஸ்பர நிதிகள் நம் நாட்டில் உள்ளன. வட்டித் தொழிலையும் மதுவையும் அவை விலக்குகின்றன. செபியின் கண்காணிப்பிலும் உள்ளன. ஆயினும் அவை பங்குகளே. 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேலிருந்த நிஃப்டி குறியீடு மார்ச்சில் 8,000க்கும் கீழே இறங்கியதை மறந்துவிடலாகாது. பிறகு ஏறியது உண்மைதான். ஆனால் அந்த மாதமே மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டவருக்கு அந்த ஏற்றம் உதவியிராது. ஆகவே எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, எப்போது தேவைப்படும் என்பதைக் கணக்குத் தெரிந்தவரோடு அமர்ந்து எழுதிப் பாருங்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுவதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. விசாரிப்பது தவக்குலுக்கு முரணானதன்று.

நிறைவாக, நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பள்ளிவாசல் வளாகத்தில் எந்த முதலீட்டுத் திட்டத்திற்கும் துண்டுப் பிரசுரமோ அறிவிப்போ அனுமதிக்கக் கூடாது. நான் உட்பட எந்த இமாமும் எந்த நிறுவனத்திற்கும் நற்சான்று வழங்கக் கூடாது. நம் ஜமாஅத்திலுள்ள ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் கணக்காளர்களும் மாதம் ஒரு நாள் மதரஸாவில் அமர்ந்து, திட்டம் எதையும் விற்காமல், வருவோரின் தாள்களைப் படித்துப் பார்த்து உதவ வேண்டும்.

பணம் கைக்கு வந்தவர்களுக்கு ஒரே சொல்: அவசரப்படாதீர்கள். இன்று மாலைக்குள் கட்ட வேண்டும் என்பவரிடம் கட்டவே வேண்டாம். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் மறைத்து எதிலும் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உடன் வர நான் இருக்கிறேன்.

வியர்வையால் சேர்த்த செல்வத்தை அல்லாஹ் பாதுகாத்து, முதுமையில் எவரிடமும் கையேந்தாத வாழ்வை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.