அரிவாளுக்கு இரு பக்கமும் ஒரே சரிவு
(வானொலிப் பேச்சு)



1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு, ஆவடி, பூந்தமல்லி சுற்றுக் கிராமங்களில் அப்பா வயலிலும் பிள்ளை பட்டறையிலுமாகப் பல குடும்பங்கள் ஆயின. இன்றைக்குக் கையில் பிடிக்கிற கிரைண்டர் பல வீடுகளில் இருக்கிறது. "அரிவாளை நானே தீட்டித் தருகிறேன்" என்று பிள்ளை சொல்வான். தீட்டட்டும். ஆனால் முறையாகத் தீட்ட வேணும்.

முதலில் ஏன் என்று பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் தேய்த்த அரிவாள் நேரே இறங்காது. ஒரு பக்கமாக இழுக்கும். கரும்பின் அடிப்பாகத்தில்தான் சர்க்கரை அதிகம். தரையை ஒட்டி வெட்டப் போனால் கத்தி மேலே ஏறிவிடும். கட்டை உயரமாக நின்றால் அந்தச் சர்க்கரை வயலோடு போச்சு. கட்டை பிளந்தால் மறுதாம்பும் சரியாகத் துளிர்க்காது. கத்தி சறுக்கிக் காலில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எப்படிச் செய்வது? லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தந்த புது அரிவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கம் முழுக்க மை பூசுங்கள். சமமான பலகைமேல் அரிவாளைப் படுக்க வையுங்கள். கத்தியின் கனமே உள்ள துளைபோடும் பிட் ஒன்றையும் பக்கத்தில் படுக்க வைத்து, அதன் முனையால் வாய் நெடுகக் கீறுங்கள். கத்தியைப் புரட்டிப்போட்டு மறுபடி கீறுங்கள். இரண்டு கோடு விழுந்தால், அவற்றின் நடுதான் சரியான நடு. இரு பக்கத்துச் சரிவும் அந்த நடுவில்தான் வந்து சேர வேணும்.

சரிவு எவ்வளவு அகலம்? கனத்தைப் போல இரண்டு மடங்கு. 4 மில்லிமீட்டர் கனத்துக்கு, பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர். வாயின் மொத்தக் கோணம் ஏறக்குறைய 30 பாகை வரும். கட்டை வெட்ட அது தாங்கும்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் போகாதீர்கள். கத்தியைத் திருப்பினால் கைவாகு மாறும். அங்கேதான் சரிவு கெடுகிறது. இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, உடம்பை அசைத்து இழுங்கள். வளைந்த மூக்குக்கு அரைவட்ட அரம்தான் நல்லது.

தோய்ச்சல் போடுவதற்கு முன்பே சரிவைச் சமமாக்கச் சொல்லி, வாயில் 1 மில்லிமீட்டர் கனம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். சமமில்லாத வாய் ஒரே சீராகக் குளிராது, கத்தி கோணிக்கொள்ளும்.

தோய்ச்சலுக்குப் பிறகு தேய்க்கும்போது சூடு ஏறக் கூடாது. பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கட்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை நனையுங்கள். வாய் நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டது என்று அர்த்தம். அந்த இடம் மெத்தென்றாகி, சீக்கிரம் மடங்கும். பிறகு கொல்லரிடம்தான் போக வேணும்.

கிரைண்டர் சக்கரம் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். மூடியைக் கழற்றாதீர்கள், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். இரும்பு அறுக்கிற மெல்லிய சக்கரத்தைப் படுக்க வைத்துத் தேய்த்தால் தெறித்துவிடும்.

இன்னொன்று. நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்கு இந்த முறை ஆகாது. சக்கரத்தில் வைத்தால் கருக்கே போய்விடும். அதைக் கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுக்குப் போகுமுன் வாயை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு சரிவும் ஒரே அகலமாகத் தெரிந்தால், தைரியமாக வயலில் இறங்கலாம்.