ஓட்டம் ஒன்று, கேமரா நான்கு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சுவா வட்டாரத்தில் விளையாட்டுப் போட்டி நாளன்று, திடலில் ஓடுகிற கால்களைவிடக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிற கைகளே அதிகம் என்று ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஒருத்தர் படத்தில் தொடக்கம் இருக்கும், முடிவு இருக்காது. இன்னொருத்தர் படத்தில் முன்னால் நின்றவர் தலைதான் இருக்கும். நாலையும் சேர்த்து ஒரே படமாக ஆக்க முடியாதா என்று கேட்டார். முடியும். விளையாட்டுப் படங்களைத் தொகுப்பது என் தொழில் என்பதால், அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தூரத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். குலை தரையில் விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும். 'தொம்' என்ற சத்தம் அப்புறம்தானே வருகிறது? என்ன காரணம்? சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

இது தெரியாமல் நாலு கேமராப் படத்தைத் தொகுக்க உட்கார்ந்தால் வம்புதான். 100 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கக் கோட்டில் விசில் ஊதினால், முடிவுக் கோட்டில் இருக்கிற கேமராவுக்கு அது கேட்க 0.3 விநாடி ஆகும். விநாடிக்கு 25 படம் பிடிக்கிற கேமராவில் அது 7 படத்துக்கும் மேல். இன்றைய மென்பொருள்கள் சத்தத்தை வைத்துப் படங்களைத் தாமாகவே பொருத்தித் தரும். கேமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சரி. திடலின் இரு கோடியில் இருந்தால் அந்த 7 படத் தவறும் கூடவே வந்துவிடும். கையில் கடிகாரம் வைத்திருக்கிற நேரக் காப்பாளரைக் கேளுங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு அல்ல, புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அழுத்துவார். அதே கணக்குதான் இதுவும்.

ஆகையால் நான் சொல்கிற வழி பழைய வழி. ஓட்டம் தொடங்குமுன் ஓர் ஆசிரியர் திடல் நடுவே நின்று, கையை உயரத் தூக்கி ஒரு தடவை தட்டட்டும். நாலு கேமராவும் அவரைப் பார்க்க வேண்டும். இரண்டு உள்ளங்கையும் ஒட்டுகிற அந்த ஒரு படத்தை ஒவ்வொரு பதிவிலும் தேடிப் பிடித்து, அதை வைத்துப் பொருத்துங்கள். கண்தான் சாட்சி. இதை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பப் படவேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அரை மணி நேரத்தில் ஒன்றுக்கொன்று நழுவிவிடும். அதோடு, எல்லாக் கைப்பேசியிலும் படவேகத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 25 என்றால் எல்லாம் 25, 30 என்றால் எல்லாம் 30.

இன்னொன்று, எல்லாக் கேமராவும் ஓட்டப் பாதையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று எதிர்ப்பக்கம் போனால், வலப்பக்கம் ஓடிய பிள்ளை அடுத்த காட்சியில் இடப்பக்கம் ஓடும். பாட்டி கேட்பார், "ஏன்யா, திரும்பி ஓடியாந்துட்டானா?"

தொகுப்பு வேலை அதன்பிறகு சுலபம். டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளை இலவசமாகவே பெறலாம். அதில் மல்டிகேம் என்ற வசதி உண்டு. நாலு படமும் நாலு கட்டத்தில் ஒன்றாக ஓடும். பார்த்துக்கொண்டே 1, 2, 3, 4 என்று எண் விசையைத் தட்டினால், அந்தந்தக் கேமராவுக்குப் படம் மாறும். தட்டியது முன்னே பின்னே ஆனால் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். சத்தத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே கேமராவின் சத்தம் முழுக்க ஓடட்டும். இல்லையென்றால் கைதட்டல் துள்ளித் துள்ளிக் கேட்கும்.

இப்போது பெற்றோர்களுக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். "என் படத்தில் என் மகன்தான் முதல், கோப்பையை எப்படி அடுத்தவனுக்குக் கொடுத்தீர்கள்?" என்று யாரும் கிளம்பக்கூடாது. முடிவுக் கோட்டுக்கு நேராக இல்லாமல் சாய்வாக நிற்கிற கேமராவில், பின்னால் வருகிறவர் முன்னால் வருவதுபோலத் தெரியும். விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிற பிள்ளை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 24 சென்டிமீட்டர் கடந்துவிடும். அந்த இடைவெளியில் கோடு இருந்தால், யார் எப்போது தொட்டார் என்று உங்கள் கைப்பேசிக்கே தெரியாது. கோட்டில் நிற்கும் நடுவரை நம்புங்கள்.

மெதுவாக ஓட்டிக் காட்டுவதிலும் நியாயம் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில், 50 கிலோமீட்டர் வேகநடையில் நம் ஜி. சரவணன் தங்கம் வென்றார். இங்கே உட்கார்ந்திருக்கிற பல அப்பாமார்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும். வேகநடையில் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். ஆனால் அதை நடுவரின் வெறுங்கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. மெதுவாக ஓட்டினால், வேகமாக நடக்கிற பலருக்கும் இரு பாதமும் ஒரு கணம் தூக்கியிருப்பது தெரியும். விதி கேட்காத சாட்சியத்தை நாம் கொண்டுவந்து ஒருவரைக் குற்றவாளியாக்கக்கூடாது. அழகுக்காக மெதுவாக்குவது வேறு, அது தாராளமாகச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. 1964ல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. பின்னாளில் டாக்டரான நம் எம். ஜெகதீசன் 200 மீட்டரில் அரையிறுதி வரை ஓடிய ஒலிம்பிக் அது. அதை கோன் இச்சிகாவா என்ற ஜப்பானிய இயக்குநர் நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களைக் கொண்டு படமாக்கி 1965ல் வெளியிட்டார். வென்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, 1960ல்தான் விடுதலை பெற்ற சாட் நாட்டிலிருந்து வந்த அகமது இசா என்ற ஓட்டக்காரருக்கு அந்தப் படத்தில் நெடுநேரம் ஒதுக்கினார். இசா 800 மீட்டரில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. ஒலிம்பிக் கிராமத்தில் தனியாக உட்கார்ந்து அவர் சாப்பிடுகிற காட்சி, பார்த்தவர் மனத்தை விட்டுப் போகாது.

நாலு கேமரா இருப்பதன் உண்மையான இலாபம் எனக்கு இதில்தான் தெரிகிறது. ஒரே கேமரா என்றால் அது முதலில் ஓடுகிறவன் பின்னாலேயே போய்விடும். நாலு இருந்தால், ஒன்றைக் கடைசிப் பிள்ளைக்கு விடலாம். தொகுத்து முடித்ததும் வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்து, படத்தில் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத பெயர் இருந்தால் மறுபடியும் உட்கார்ந்து தேடுங்கள். எங்கோ ஒரு மூலையில் அந்தப் பிள்ளை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அசல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள், பள்ளியில் ஒரு பிரதி, வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவர்கள் சிலர் கணினியில் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாருங்கள் தம்பி, தங்கைகளே, மடிக்கணினியைக் கொண்டுவந்திருக்கிறேன்.