இரண்டு சீட்டு, ஒரு பழைய கார்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியப் பெருமக்களே, ஹாஸ்டல் சாம்பாரை என்னோடு சேர்ந்து சகித்துக்கொண்ட நண்பர்களே, 'இவன் எப்போ முடிப்பான்' என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பி, தங்கைகளே!

"அமெரிக்காவுல என்ன வேலை பார்க்கறேன்னு பேச ஆரம்பிச்சுடாதே, உன் கார் கதையைச் சொல்லு" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார்.

என்னிடம் இருப்பது 1992-ஆம் வருடத்து மாஸ்டா மியாட்டா. 1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மாடல். இரண்டே சீட்டு, கையால் மடிக்கிற துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். "இவ்வளவுதானா?" என்பீர்கள். எடை ஏறக்குறைய 1,000 கிலோதான்! எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம், பாரம் இரண்டு அச்சிலும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

நான் இருப்பது மிச்சிகனில். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். அதனால் பழைய கார் பார்க்கப் போனால் என் பையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம். கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவில்லையென்றால் அங்கே இரும்பு இல்லை, வெறும் பட்டி. இந்தக் காரில் துணிக்கூரையின் மழைத்தண்ணீர் வடிய, சீட்டுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உண்டு. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி அரித்துவிடும். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நல்ல சட்டையோடு நான் மல்லாந்து படுத்ததை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

துருவை இவ்வளவு பார்த்தவன் வேறிடத்தில் கோட்டை விட்டேன். வாங்கியதும் டர்போ பொருத்தினேன். ஆறு மாதச் சேமிப்பு போயிற்று. குதிரைத்திறன் 180-ஐத் தாண்டியது. பிரேக்கைத் தொடவேயில்லை.

நம் பேட்ச் நண்பன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போனேன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம். நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. "டேய், பிரேக் பிடிடா!" என்று கத்துகிறான். திரும்பத் திரும்ப மிதித்தேன், கியரை இறக்கினேன். கார் புல்லில் இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, டயர் சுவருக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அரைமணி கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது! காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 4' ரகம் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்தால் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. இதையெல்லாம் இதே ஹாலில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்.

மறுவாரமே புது ஆயில், நல்ல பிரேக் பேட், புது டயர். டர்போ செலவில் கால்பங்குகூட ஆகவில்லை. பிறகு டர்போவைக் கழற்றி விற்றேன். என் கைக்கு 116 போதும்.

அந்த நண்பன் இதோ மூன்றாவது வரிசையில், குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருடமாக வீட்டில் இந்தக் கதையைச் சொல்லவில்லையாம். மன்னிச்சுக்கடா!