பாடும் பாட்டும்



வலை இழுக்கும் மீனவர் பாட்டை அம்பா என்பர். ஒருவர் அடியெடுக்க, மற்றவர் 'ஏலேலோ' என ஏற்பர். அவ்வொலிக்கு அகரமுதலியில் பொருள் தேட வேண்டா. அத்தனை கைகளும் ஒரே நொடியில் இழுக்கின்றனவே, அதுவே பொருள்!

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏற்பாட்டிற்குப் 'பாடு' என்றே பெயர். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, இசைக்கச் சொல்லும் ஏவலும் பாடு. மூன்றையும் சேர்ந்தே சுமந்தவர் அம்மக்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து 2021இல் குப்பங்கள் திரண்டபோது, ஒருகுரலாய் முழங்குவது அவர்க்குப் புதிதன்று.

ஆயினும், கை இழுக்காத வலை வெறும் பாட்டால் கரையேறாது. மேடையில் 'தமிழ் வாழ்க' என முழங்கி, வீட்டில் பிறமொழி கலந்து பேசுவோர் இதனை எண்ணுக. குரல் எழுந்தால் கையும் எழ வேண்டும்!