வெட்டியாச்சு, வெட்டப்பட்டது



கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு அதிகாலையிலேயே தொடங்கிவிடும். மரப்பட்டையில் கத்தி கீறிய சரிவுக்கோட்டில் பால் வழிந்து சிரட்டையில் சொட்டும். வேலை முடிந்ததும் தொழிலாளி, "பால் வெட்டியாச்சு" என்பார். அதுவே அலுவலகக் குறிப்பில் "பால் வெட்டப்பட்டது" என்று மாறிவிடும்.

'படு' சேர்ந்த செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் அது இவ்வளவு பெருகியது ஆங்கில அலுவலக நடையால்தான். 'டிரெஸ்பாசர்ஸ் வில் பி பிராசிக்யூட்டட்' என்ற பலகை, 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவார்கள்' ஆயிற்று. யார் தண்டிப்பார் என்பது இரண்டிலும் இல்லை.

செய்தவரைச் சொல்லாமல் விடத் தமிழுக்குத் தனி வழி உண்டு. 'திண்ணை மெழுகிற்று' என்பது தொல்காப்பிய உரைகள் காட்டும் உதாரணம். நம் 'வெட்டியாச்சு'வும் அதே போல 'படு' இல்லாமலே நிற்கிறது.

ஆங்கிலேயருக்கும் செயப்பாட்டு வினை மீது சலிப்பு வந்தது. இங்கிலாந்தில் 1979இல் தொடங்கிய எளிய ஆங்கில இயக்கம், செய்பவரை முன்னிறுத்தி எழுதச் சொல்கிறது.

இன்று ஒரு மனு எழுதுகிறீர்களா? 'விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படுகிறது' வேண்டாம். 'விண்ணப்பம் தருகிறேன்' என்று எழுதுங்கள். அந்த வரியில் நீங்கள் இருப்பீர்கள்.