பெயர் கூப்பிட்ட சபை

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவதும், "உள்ளேன், ஐயா" என்று மறுமொழி வருவதும் நாள்தோறும் நடப்பவை. ஆகையால் யாரும் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு நாட்டின் பார்லிமெண்டு முதன்முதலாகக் கூடிய நாளில், இவ்வாறு பெயர் கூப்பிட்டதே அதன் மிகத் துணிவான செயலாக அமைந்தது. அயர்லாந்தின் டாயில் ஏரன் என்ற பேரவை 1919-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி நடத்திய அலுவலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முந்தைய மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் பொதுத் தேர்தல் நடந்தது. அயர்லாந்துக்குரிய ஸ்தானங்கள் 105. அவற்றுள் 73-ஐ ஷின் ஃபேன் கட்சி பிடித்தது. வென்றால் லண்டனுக்குப் போக மாட்டோம், டப்ளினிலேயே நம் சபையைக் கூட்டுவோம் என்று வாக்குக் கொடுத்து வென்றவர்கள் அவர்கள். கட்டடம் கிடையாது, கஜானா கிடையாது, உத்தரவிட்டால் கீழ்ப்படிய ஒரு சேவகன்கூடக் கிடையாது. டப்ளின் நகர மேயரின் மாளிகையில் உள்ள வட்ட மண்டபத்தில் கூடினார்கள். அந்த மண்டபமோ, 1821-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் வருகைக்காகக் கட்டப்பட்டது! அன்று நண்பகலில் அதே மாளிகையில், மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட டப்ளின் வீரர்களுக்கு விருந்து நடந்தது. அவர்களும் அயர்லாந்துக்காரர்களே. விருந்து முடிந்து அவர்கள் வெளியேற, புதிய சபையார் உள்ளே வந்தார்கள். ஒரு தேசத்தின் மனம் இரண்டாகப் பிளந்திருந்ததைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்பகல் மூன்றரை மணிக்குச் சபை தொடங்கியது. பிளங்கெட் பிரபு, காஹல் புரூ என்பவரைச் சபாநாயகராகப் பிரேரேபித்தார். 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சியில் உடலெங்கும் படுகாயமுற்றும் பிழைத்தவர் அவர். ஓஃபிளானகன் பாதிரியார் பிரார்த்தனை செய்தார். பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள்.

தங்கள் கட்சியாரை மட்டும் கூப்பிட்டிருந்தால் அது கட்சிக் கூட்டமாகவே முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அயர்லாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எக்கட்சியினராயினும் எல்லோர் பெயரையும் அழைத்தார்கள். பிரிட்டனோடு ஒன்றியிருப்பதே தம் உயிர் என்று வாழ்ந்த எட்வர்ட் கார்ஸன் பெயரும் அழைக்கப்பட்டது. அவர் வருவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. "வரவில்லை" என்று பதிந்தார்கள். ஆயினும் அவருக்கும் இச்சபையில் ஓர் இடம் உண்டு என்று அந்த அழைப்பு சொல்லிவிட்டது.

தம் கட்சியாருள் வந்திருந்தவர் 27 பேர்தாம். மற்றவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோருடைய பெயர் வந்தபோது, "அந்நியனால் பூட்டி வைக்கப்பட்டவர்" என்ற பொருள்படும் ஐரிஷ் தொடரே விடையாக வந்தது. டி வலேரா லிங்கன் சிறையில். கிரிஃபித் கிளாஸ்டர் சிறையில். பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியாகிய மார்க்கியவிச் சீமாட்டி ஹாலவே சிறையில். பெயருக்குப் பின் பெயராக அதே தொடர் ஒலித்தது. எந்தச் சொற்பொழிவும் அயர்லாந்தின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மைக்கேல் காலின்ஸ், ஹாரி போலண்ட் ஆகிய இருவரும் வந்திருப்பதாகவே பதிவாயிற்று. உண்மையில் அவர்கள் இங்கிலாந்தில், டி வலேராவைச் சிறையிலிருந்து தப்புவிக்கும் ஏற்பாட்டில் இருந்தார்கள். போலீசார் ஐயுறாதிருக்க இந்த உபாயம். வராதவருக்கு வருகை கொடுக்கும் வித்தை கல்லூரி மாணவர்களுக்குப் புதிதன்று. ஆனால் இவ்வளவு நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. மறு மாதமே டி வலேரா தப்பினார்.

நடவடிக்கைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் நடந்தன. அங்கத்தினருள்ளேயே பலருக்கு அம்மொழி சரளமாக வராது. புரியாத மொழியில் சபை நடத்துவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும், முதல் நாளில் ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தால் இரண்டாம் நாளில் மாற்றிக்கொள்வது எளிதாக இராது என்றே எனக்குத் தோன்றுகிறது. சுதந்திரப் பிரகடனத்தை ஐரிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற மூன்று மொழிகளிலும் படித்தார்கள். பிரெஞ்சு எதற்கு? மூன்று நாட்களுக்கு முன்புதான் பாரிஸில் சமாதான மாநாடு தொடங்கியிருந்தது. அங்கே தங்கள் வழக்கைக் கேட்பார்கள் என்று நம்பினார்கள். கதவு திறக்கவில்லை.

ஐந்தே பிரிவுகள் கொண்ட ஒரு தற்காலிக அரசியல் சட்டமும், ஜனநாயகத் திட்டம் ஒன்றும் நிறைவேறின. எந்தக் குழந்தையும் பசியாலும் குளிராலும் வாடாமற் பார்ப்பது அரசின் முதற்கடமை என்றது அத்திட்டம். தொழிற்கட்சித் தலைவர் தாமஸ் ஜான்ஸன் எழுதிய நகலில் இன்னும் காரமான பகுதிகள் இருந்தன. அவற்றைக் குறைத்தே சபையில் வைத்தார்கள். குறைத்தும்கூடப் பிற்காலத்து ஆட்சியாளருக்கு அது சங்கடமாகவே இருந்தது.

இரண்டு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. வெறும் நாடகம் என்று எள்ளியோர் உண்டு. அதே நாளில் டிப்பரரி ஜில்லாவில், வெடிமருந்து வண்டிக்குக் காவலாக வந்த இரண்டு போலீஸ்காரர்களைத் தொண்டர் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அச்செயலுக்குச் சபை அனுமதி அளிக்கவில்லை. சபையும் துப்பாக்கியும் ஒரே நாளில் புறப்பட்டன. செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் சபையைச் சட்டவிரோதமாக்கியது. பிறகு அது மறைவாகக் கூடியது.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா என்று முடிவு செய்ய மறுபடியும் பெயர் கூப்பிட்டார்கள். ஏற்றவர் 64, மறுத்தவர் 57. காலின்ஸ் ஏற்றார், புரூ மறுத்தார். அவ்வாண்டு ஜூலையில், உடன்படிக்கையை ஏற்ற அரசின் படையினர் சுட்டுப் புரூ மாண்டார். ஆகஸ்டில், மறுத்த கட்சியினர் சுட்டுக் காலின்ஸ் மாண்டார்.