லிஸ்பன் பேராலயத்தின் திருமுழுக்குத் தொட்டி



போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிலுள்ள அன்னை மரியா பேராலயத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள், இது கோவிலா, கோட்டையா என்று ஐயப்படுவார்கள். முகப்பில் இரண்டு பருத்த கோபுரங்கள்; தடித்த சுவர்கள்; அவற்றின் உச்சியில் கோட்டை மதிலைப்போன்ற அமைப்பு. 1147ஆம் ஆண்டு, அரசர் முதலாம் அபோன்சோ மூர் இனத்தவரிடமிருந்து நகரைக் கைப்பற்றியபின், மசூதி இருந்த இடத்தில் எழுந்த ஆலயம் இது. அந்தப் போர்க்காலத்தின் அச்சம் அதன் கற்களில் இன்றும் தெரிகிறது.

1755ஆம் ஆண்டு நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. நகரின் ஆலயங்களில் மக்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது, தீயும் பரவியது. பேராலயத்தின் முதன்மைப் பீடப்பகுதி சிதைந்தது. பகைவரைத் தடுக்கக் கட்டிய சுவர்களும் அன்று காக்கவில்லை. பின்னர் பலமுறை சீரமைத்தார்கள். முகப்பின் வட்ட வண்ணக்கண்ணாடிச் சன்னல் 20ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் உருப்பெற்றது.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு திருமுழுக்குத் தொட்டி இருக்கிறது. நாம் 'கோடி அற்புதர்' என்றழைக்கும் புனித அந்தோனியார், 1195இல் குழந்தை பெர்னாண்டோவாக இங்கேதான் திருமுழுக்குப் பெற்றார் என்பது மரபு. அவர் மீன்களுக்குப் போதிக்கும் காட்சி, அங்கே பீங்கான் ஓடுகளில் தீட்டப்பட்டுள்ளது.

கோட்டைச் சுவர் இடிந்தது. ஒரு குழந்தையின் தலையில் ஊற்றிய சிறிது தண்ணீரோ இன்றும் பலன் தருகிறது. செவ்வாய்தோறும் நாம் அந்தோனியாரைத் தேடிச் செல்கிறோம். அவர் பெற்ற அதே திருமுழுக்கைத்தான் நாமும் பெற்றிருக்கிறோம். அந்த நாள் எதுவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றே பெற்றோரிடம் கேட்போம். பங்குப் பதிவேட்டில் பார்ப்போம். ஆண்டுதோறும் அந்நாளில் இறைவனுக்கு நன்றி சொல்வோம்.